டீசல் காரின் கரி ஃபில்டரைக் கழற்றிவிடலாமா? கழற்றுகிற ஃபில்டர்களெல்லாம் எங்கே போகின்றன?

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். 2021 மாடல் டீசல் கார். வீட்டிலிருந்து ரெட்டியார்பாளையத்தில் உள்ள அலுவலகத்துக்குப் போய்வர மட்டும்தான் வண்டி. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர்கூட வராது. டிபிஎஃப், அதாவது புகையில் வரும் கரியைப் பிடிக்கும் ஃபில்டர், அதன் விளக்கு மாதத்துக்கு இரண்டு தடவை எரிகிறது. ஒரு பட்டறையில், உள்ளே இருப்பதை உடைத்து எடுத்துவிட்டு கம்ப்யூட்டரிலும் மாற்றிவிட்டால் இனி அந்த விளக்கே எரியாது என்கிறார்களாம். செய்யலாமா என்பது முதல் கேள்வி. இரண்டாவதை அவர் சொன்னபடியே தருகிறேன்: "ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், இப்போது இதுவும். மாசைக் குறைக்க வைத்த ஃபில்டர்களே கடைசியில் குப்பையாகத்தானே போகின்றன? அப்புறம் என்ன லாபம்?"

கடலூரில் இருபத்தாறு வருடமாக டீசல் வண்டி வேலை பார்க்கிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். முதல் கேள்விக்கு ஒரே வார்த்தை: வேண்டாம். ஏன் என்று சொல்ல அந்த டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அது புரிந்தால் இரண்டாவது கேள்விக்கும் பாதிப் பதில் வந்துவிடும்.

ஆயுள் முடிந்த டிபிஎஃப் ஒன்றை எங்கள் பட்டறைப் பையன்களுக்குக் காட்டுவதற்காக ஒரு முறை குறுக்கே அறுத்தேன். அந்தத் தூள் நுரையீரலுக்குள் போகக் கூடாது, அதனால் முகமூடி போட்டுக்கொண்டு, தண்ணீர் நனைத்துத்தான் அறுக்க வேண்டும். உள்ளே பீங்கான் கட்டி. தீக்குச்சி நுழையுமா நுழையாதா என்கிற அளவில் சதுரச் சதுரமாக ஆயிரக்கணக்கான துளைகள், தேனடை மாதிரி. எஞ்சின் பக்கத்திலிருந்து பார்த்தால் சதுரங்கப் பலகையில் கறுப்புக் கட்டம், வெள்ளைக் கட்டம் போல ஒரு துளை திறந்திருக்கும், அடுத்தது அடைத்திருக்கும். திருப்பிப் பின்பக்கம் பார்த்தால் முன்னால் திறந்திருந்தவை இங்கே அடைபட்டிருக்கும். அதனால் உள்ளே வந்த புகைக்கு நேராக வெளியே போக வழி கிடையாது. துளையின் சுவரைத் துளைத்துக்கொண்டு பக்கத்துத் துளைக்குப் போய்த்தான் வெளியேற வேண்டும். சுவரில் இருக்கும் நுண்ணிய கண்கள் வழியாக வாயு போகும், கரி நின்றுவிடும். அறுத்த துண்டில் உள்வரும் பக்கத்துச் சுவரெல்லாம் வெல்வெட் துணி போர்த்தினாற்போல் கறுப்பு. அதே சுவரின் மறுபக்கம் பழுப்பு கலந்த வெள்ளை, சூளையிலிருந்து அன்றைக்கு எடுத்தது போல. ஒரு பையன் அந்தப் பக்கத்தில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தான், ஒட்டவில்லை. ஒன்றரை லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய வண்டியின் ஃபில்டர் அது. தாளைவிடச் சற்றே தடித்த ஒரு சுவர் அத்தனை தூரத்துக் கரியையும் தடுத்து நிறுத்தியிருந்தது.

கணக்கிலும் பார்க்கலாம். 2017-ல் நாடு முழுவதும் வந்த பிஎஸ்-4 என்ற வாகனப் புகை விதிப்படி ஒரு டீசல் கார் கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் துகள் வரை வெளியே விடலாம். 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பிஎஸ்-6-ல் அந்த வரம்பு 4.5 மில்லிகிராம். நடுவில் பிஎஸ்-5 என்ற படியே கிடையாது, தாண்டிவிட்டார்கள். பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடினால் பழைய வரம்பில் கால் கிலோ கரி, புதிய வரம்பில் 45 கிராம். எடை மட்டும் பார்த்தால் போதாது என்று எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள்: கிலோமீட்டருக்கு 60,000 கோடி துகள்கள். பெரிய எண்ணாகத் தெரியும், ஆனால் ஃபில்டர் இல்லாத டீசல் எஞ்சின் அதைப் போலப் பல மடங்கு விடும். டீசல் கரியில் பெரும்பாலான துகள்கள் ஒரு மில்லிமீட்டரின் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே. மூக்கு முடியும் தொண்டைச் சளியும் அதைப் பிடிக்காது. நேராக நுரையீரலின் அடிவரை போகும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2012-ல் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலை இருக்கும் அதே பிரிவு.

பட்டறையில் உடைத்து எடுக்கச் சொல்வது இந்தச் சுவரைத்தான். வெளித் தகரம் அப்படியே இருக்கும், உள்ளே வெறும் குழாய். வண்டி உங்களுக்கு நன்றாகவே ஓடும், அதை மறுக்க மாட்டேன். பின்னால் ஸ்கூட்டரில் பிள்ளையை முன்னால் நிற்க வைத்துக்கொண்டு வருகிற அம்மாவுக்குத்தான் அந்தக் கரி போய்ச் சேரும். மிஷன் வீதி, காந்தி வீதி மாதிரி இரண்டு பக்கமும் கட்டடம் நெருங்கிய தெருக்களில் அந்தப் புகை உடனே கலைந்தும் போகாது. சட்டமும் தெளிவாக இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 182-ஏ பிரிவின்படி, அனுமதியில்லாமல் வண்டியை மாற்றி அமைத்த உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மாசு விதியை மீறினால் 190-வது பிரிவில் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை போகும். புகைச் சான்றிதழ் எடுக்கும் இடத்தில் மாட்டிக்கொள்ள மாட்டோம் என்று பட்டறையில் சொல்லியிருப்பார்கள். அது உண்மையாகக்கூட இருக்கலாம். அந்தக் கருவி புகை எவ்வளவு கறுப்பு என்று பார்க்கிறது, கண்ணுக்குத் தெரியாத நுண்துகளை எண்ணுவதில்லை. கருவி பார்க்கவில்லை என்பதற்காக நுரையீரல் வாங்காமல் இருக்காது.

சரி, விளக்கு ஏன் எரிகிறது?

டிபிஎஃப் பிடித்த கரியைச் சேர்த்து வைத்துக்கொண்டே இருக்க முடியாது, எரித்தாக வேண்டும். நெடுஞ்சாலையில் ஓடும்போது சைலன்சர் சூடு ஏறி, முன்னால் இருக்கும் வினையூக்கியின் உதவியோடு கொஞ்சம் கொஞ்சமாகத் தானே எரியும். அது போதாதபோது எஞ்சின் கம்ப்யூட்டர் வேண்டுமென்றே கொஞ்சம் டீசலைக் காலம் தாழ்த்திச் செலுத்துகிறது. அந்த டீசல் வினையூக்கியில் எரிந்து, ஃபில்டருக்குள் 600 டிகிரி அளவுக்குச் சூடு வரும். கரி எரிந்து கரியமில வாயுவாகப் போய்விடும். இதற்குப் பத்து முதல் இருபது நிமிடம் விடாமல் ஓட வேண்டும். உங்கள் ஓட்டம் என்ன? முத்தியால்பேட்டையிலிருந்து கிளம்பி, அஜந்தா சிக்னலில் நின்று, ராஜீவ் காந்தி சிலைச் சந்திப்பில் நின்று, இந்திரா காந்தி சிலைச் சந்திப்பில் நின்று, சூடு ஏறுவதற்குள் அலுவலகம் வந்துவிடுகிறது. சாவியைத் திருப்பி அணைத்துவிடுகிறீர்கள். கரி எரிக்கும் வேலை பாதியில் நிற்கிறது. மாலையில் மறுபடி தொடங்கி மறுபடி நிற்கிறது. வண்டியில் கோளாறு எதுவும் இல்லை; உங்கள் ஓட்டத்துக்கு டீசல் வண்டி பொருந்தவில்லை. விற்கும்போதே இதைக் கேட்டுச் சொல்லியிருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் எனக்குத் தோன்றும். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவருக்கு டீசல் காரை யாரும் விற்கக் கூடாது.

வாங்கியாகிவிட்டது, இனி செய்ய வேண்டியதைப் பார்ப்போம். வாரத்துக்கு ஒரு நாள், ஞாயிறு விடிகாலையில், ஈ.சி.ஆரில் வடக்கே போங்கள். கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் நெரிசல் தாண்டி, காலாப்பட்டும் தாண்டினால் மரக்காணம் வரை சாலை நீளமாகக் கிடக்கிறது. தெற்கே கடலூர் பக்கம் வராதீர்கள். அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோவில் என்று ஊருக்கு ஊர் நிறுத்தம், சூடு நிற்காது. ஒரு கியர் குறைத்து, எஞ்சின் 2,000 சுற்றுக்கு மேல் இருக்கும்படி, 60-க்குக் குறையாமல், இருபது நிமிடம் சீராக ஓட்டுங்கள். விளக்கு அணைந்த பிறகும் ஐந்து நிமிடம் ஓட்டுவது நல்லது. உங்கள் வண்டியின் கையேட்டில் வேகமும் சுற்றும் குறிப்பிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள், மாடலுக்கு மாடல் மாறும். எரியும் வேலை நடக்கிறது என்பதை நீங்களே உணரலாம்: நின்றபடி ஓடும்போது சுற்று வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடியிருக்கும், ரேடியேட்டர் விசிறி நிற்காமல் சுற்றும், பின்னால் சூடான ஒரு நெடி வரும். அந்த நேரத்தில் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டாலும் அணைக்காமல் இன்னும் ஒரு சுற்று போய்வாருங்கள்.

இதில் எங்கள் பகுதிக்கே உரிய ஒரு எச்சரிக்கை இருக்கிறது. அறுவடைக் காலத்தில் புவனகிரி, காட்டுமன்னார்கோயில், பாகூர் பக்கமெல்லாம் உளுந்துச் செடி, எள்ளு, கம்பு என்று சாலையிலேயே போட்டு வைத்திருப்பார்கள், போகிற வண்டிகள் ஏறி ஏறிக் கதிரடித்துவிடட்டும் என்று. டிபிஎஃப் கரி எரித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அதன்மேல் ஏறி, செடி அடியில் சுற்றிக்கொண்டால் தீப்பிடிக்கும். வைக்கோல் மேலோ காய்ந்த புல் மேலோ வண்டியை நிறுத்தவும் கூடாது. கார் அடியிலிருந்து புகை வர, கையால் சருகைப் பிடுங்கி எறிந்துகொண்டிருந்த ஒரு குடும்பத்துக்கு நானே சாலையோரம் நின்று உதவியிருக்கிறேன்.

மஞ்சள் விளக்கோடு எஞ்சின் விளக்கும் சேர்ந்து எரிந்தாலோ வண்டி இழுக்காமல் போனாலோ ஈ.சி.ஆர். பயணம் வேண்டாம். கரி அளவு மிஞ்சிய பிறகு ஒரேயடியாக எரிந்தால் பீங்கான் உருகி வெடித்துவிடும். ஸ்கேனர் போட்டு, நின்ற இடத்திலேயே கட்டுப்பாட்டோடு எரிக்கும் வசதி சர்வீஸ் மையங்களில் இருக்கிறது. புது டிபிஎஃப் விலை பல மாடல்களில் லட்ச ரூபாயை நெருங்கும், அதனால் சர்வீஸ் மையத்தில் எரிக்க ஆகும் செலவைப் பார்க்காதீர்கள்.

இனி இரண்டாவது கேள்வி. எனக்கு இதில்தான் அதிக அக்கறை. ஃபில்டர் எதுவானாலும் அதனிடம் இரண்டு விஷயம் கேட்க வேண்டும். எதைப் பிடிக்கிறது? பிடித்தது அப்புறம் எங்கே போகிறது? முதலாவதைக் கேட்டுத்தான் எல்லாரும் வாங்குகிறோம். இரண்டாவதைக் கேட்பவரை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்.

டிபிஎஃப் பிடித்த கரி எரிந்து போகிறது என்றேன். முழுதும் போகாது. எஞ்சின் ஆயிலில் கால்சியம், துத்தநாகம், பாஸ்பரஸ் போன்றவை சேர்க்கப்பட்டிருக்கும். எஞ்சினுக்குள் கொஞ்சம் ஆயில் எரியும்போது இவை சாம்பலாகி ஃபில்டரில் தங்கும். விறகு எரிந்த பிறகு அடுப்பில் மிஞ்சுகிற சாம்பல் மாதிரி, எத்தனை சூடு கொடுத்தாலும் அது எரியாது. அதனால்தான் பிஎஸ்-6 டீசலுக்குச் சாம்பல் குறைவான ஆயிலே ஊற்ற வேண்டும் என்று கையேட்டில் போட்டிருக்கிறார்கள். விலை குறைவு என்று பழைய ரக ஆயிலை ஊற்றினால் மிச்சப்பட்ட காசு ஃபில்டரின் ஆயுளில் கழிந்துவிடும். சாம்பல் நிறைந்த ஃபில்டரைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. கழற்றி, உலையில் வைத்து மிச்சக் கரியை எரித்து, பின்பக்கத்திலிருந்து மூடிய கூண்டுக்குள் காற்றடித்து, சாம்பலை உறிஞ்சி எடுத்தால் மறுபடி பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடும். ஆனால் திறந்த வெளியில் கம்ப்ரசர் காற்றடித்துச் "சுத்தம்" செய்வதும், ஆசிட் ஊற்றிக் கழுவுவதும் கெடுதல். ஆசிட் உள்பூச்சை அரித்துவிடும். காற்றில் பறக்கும் சாம்பல் காற்றடிக்கிற பையனின் நெஞ்சுக்குள் போகும்.

பெட்ரோல் வண்டியில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வேறு மாதிரி. அது எதையும் பிடித்து வைப்பதில்லை. கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோல் ஆவியையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும், போகிற போக்கிலேயே கரியமில வாயு, நீராவி, நைட்ரஜன் என்று மாற்றி அனுப்புகிறது. 1995-ல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதுப் பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமானது. ஈயம் கலந்த பெட்ரோல் அதைக் கொன்றுவிடும் என்பதால் ஈயமில்லாப் பெட்ரோலும் கூடவே வந்தது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயம் நின்றது. ஒரு ஃபில்டருக்காக எரிபொருளையே சுத்தம் செய்தது எனக்குப் பிடித்த வரலாறு. பிஎஸ்-6 வந்தபோதும் அதுதான் நடந்தது: டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காக இறங்கியது. கன்வெர்ட்டருக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் சில கிராம் இருக்கும், அத்தனையும் மீட்கக்கூடியது. அதனால் பழைய காரைக் காயலான் கடையில் எடைக்குப் போடாதீர்கள். பதிவு பெற்ற வாகன உடைப்பு மையத்தில் கொடுத்தால் அந்த உலோகம் இன்னொரு கன்வெர்ட்டராகத் திரும்பி வரும்.

பெரிய வண்டிகளிலும் சில கார்களிலும் இருக்கும் யூரியாக் கரைசல் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், கடலூர் மாவட்டத்தில் இதில் ஒரு தப்பு அடிக்கடி நடக்கிறது. டெஃப் அல்லது ஆட்புளூ என்று வாங்குவது 32.5 சதவீத யூரியா, மீதி கனிமம் நீக்கிய தண்ணீர். சூட்டில் அது அம்மோனியாவாகி, நைட்ரஜன் ஆக்சைடை வெறும் நைட்ரஜனும் தண்ணீருமாக மாற்றுகிறது. ஒரு லாரிக்கார அண்ணன் வயலுக்கு வாங்கிய யூரியாவைக் கேன் தண்ணீரில் கரைத்து ஊற்றிவிட்டு வந்தார். "ரெண்டும் யூரியாதானேப்பா" என்றார். இல்லை அண்ணே. 2015 முதல் நம் ஊர் வயல் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியது. அந்த எண்ணெய்க்கு வயலில் வேலை உண்டு, வண்டியில் கரைசலைப் பீய்ச்சும் தெளிப்பானில் போனால் அடைப்பு. உர யூரியாவில் பையூரெட் என்ற கலப்பு 1.5 சதவீதம் வரை இருக்கலாம். டெஃப் கரைசலில் 0.3-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் கட்டி கட்டியாகக் குழாயில் படியும். அவர் வண்டியில் தெளிப்பான் நுனியில் வெள்ளையாகக் கல்லுப்பு படிந்த மாதிரி படிந்து கிடந்தது, சுத்தியலால் தட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. மானிய உரத்தை வண்டிக்குத் திருப்புவது குற்றம் என்பது வேறு. இன்னொன்று, நம் ஊர் வெயிலில் கேனைத் தகரக் கூரைக்குக் கீழே வைக்காதீர்கள். 25 டிகிரியில் ஒன்றரை வருடம் தாங்குவது 35 டிகிரியில் ஆறு மாதம்தான்.

இப்போது குப்பை என்று நீங்கள் சொன்ன பட்டியலுக்கு வருகிறேன். அதில் உண்மையிலேயே கவலைப்பட வேண்டியது ஆயில் ஃபில்டர்.

கழற்றிய ஆயில் ஃபில்டரை அப்படியே தொட்டியில் போடுகிறார்கள் பாருங்கள், அதற்குள் ஒரு டீ கிளாஸ் நிறைய ஆயில் இருக்கும். திரும்பி வழியாமல் இருக்க உள்ளே ஒரு ரப்பர் வால்வு உண்டு. எஞ்சினுக்கு நல்லதைச் செய்கிற அந்த வால்வே கழற்றிய பிறகு ஆயிலை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். எங்களிடம் வேலைக்குச் சேருகிற பையனுக்கு முதலில் சொல்லித்தருவது இதைத்தான். வண்டி சூடாக இருக்கும்போதே கழற்று. மேல்பக்கம் குவிந்த இடத்தில் ஒரு ஆணியை வைத்து ஓட்டை போடு, காற்று நுழைந்தால்தான் ஆயில் இறங்கும். வாயைக் கீழாக்கிச் சல்லடைத் தட்டில் ராத்திரி முழுக்கக் கவிழ்த்து வை. அமெரிக்காவில் பன்னிரண்டு மணி நேரம் சூட்டோடு வடிய வைக்கச் சொல்கிறார்கள், நாங்களும் மாலை வைத்துக் காலையில் எடுக்கிறோம். முதலில் நூல் மாதிரி ஒழுகும், பிறகு சொட்டு, பிறகு நெடுநேரம் கழித்து ஒரு சொட்டு. காலையில் எடுக்கும்போது கையில் கனம் குறைந்திருப்பது தெரியும். வடிந்த பிறகு அது முக்கால்வாசி இரும்பு, உருக்காலைக்குப் போகும். வடியாமல் குப்பையோடு போனால் வழியெல்லாம் ஒழுகிக்கொண்டே போகும்.

ஒழுகினால் என்ன என்று கேட்பவர்கள் கடலூர் முதுநகரில் நின்று உப்பனாற்றைப் பார்க்க வேண்டும். கெடிலம், தென்பெண்ணை, உப்பனாறு என்று எங்கள் ஊரே ஆற்று முகத்துவாரத்தில் இருக்கிறது. சிப்காட் தொழிற்சாலைகள் பற்றி எத்தனையோ வருடமாகப் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். ஆனால் பட்டறை வாசல் சாக்கடையில் நாங்கள் விடுகிற ஆயிலும் அதே ஆற்றுக்குத்தான் போகிறது. ஒரு வண்டியின் ஒரு ஆயில் மாற்றக் கழிவு 10 லட்சம் கேலன் நன்னீரைக் கெடுக்கும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை சொல்கிறது. 2016-ன் அபாயக் கழிவு விதிகளில் பயன்படுத்திய ஆயில் அபாயக் கழிவு. 2024 ஏப்ரல் முதல் அதைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பு ஆயில் தயாரிப்பவர்களுக்கும் உண்டு. சரியாகச் சேகரித்தால் பழைய ஆயிலைக் காய்ச்சி வடித்து மறுபடி ஆயிலாகவே ஆக்கலாம். நடைமுறையில் என்ன ஆகிறது? சென்ட்ரிங் பலகைக்குத் தடவ ஒருவர் கேட்டு வாங்கிப் போவார், கரையானுக்கு வேலிக்காலில் பூச ஒருவர், சூளையில் எரிக்க ஒருவர். ஒவ்வொன்றும் அந்த ஆயிலை மண்ணுக்கோ காற்றுக்கோ கொண்டுபோகிறது. கேட்டு வருகிறவர் தெரிந்தவராக இருப்பார், இல்லை என்று சொல்வது சங்கடம்தான். நான் சொல்கிறேன், பதிவு பெற்ற ஆள் எடுக்க வரும்வரை பீப்பாயில் வைத்திருக்கிறேன்.

ஃபில்டர் குப்பையையே குறைக்க முடியுமா? முடியும், புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இப்போது பல கார்களில் இரும்புக் கூடு எஞ்சினோடேயே இருக்கும், உள்ளே இருக்கும் காகிதச் சுருள் மட்டும் மாற்றினால் போதும். வண்டி வாங்கும்போது இதையும் விசாரியுங்கள். அதைவிடப் பழைய முறை ஒன்று இருக்கிறது. பெரிய டீசல் எஞ்சின்கள் பலவற்றில் ஆயிலின் அழுத்தத்திலேயே பம்பரம் மாதிரி சுழலும் ஒரு கிண்ணம் உண்டு. ஆயிலில் இருக்கும் கரியும் இரும்புத் தூளும் தயிர் கடையும்போது ஒதுங்குகிற மாதிரி ஓரத்துக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். திறந்தால் உள்சுவரில் அரை விரல் கனத்துக்கு ரப்பர் போல ஒரு கறுப்பு அடை. மரச் சீவுளியால் உரித்தால் முழுசாகக் கழன்று வரும். துடைத்து மூடினால் வேலை முடிந்தது, எறிய ஒரு ஃபில்டரும் இல்லை, அந்த அடையை மட்டும் ஆயில் கழிவோடு சேர்க்க வேண்டும். நம் ஊர் 100 சிசி பைக்குகளில் பலவற்றில்கூட இதன் சின்ன உருவம் கிராங்க் நுனியில் இருக்கிறது. நல்ல பொறியியல், ஏன் எல்லா வண்டியிலும் இல்லை என்று ஏங்கியிருக்கிறேன்.

ஏர் ஃபில்டரில் நாம் செய்யும் தப்பு நேர்மாறானது, தேவைக்கு மேல் கை வைக்கிறோம். அழுக்கு கொஞ்சம் ஏறிய காகிதம் புதுக் காகிதத்தைவிட நன்றாகவே வடிகட்டும். திறந்து திறந்து கம்ப்ரசர் காற்றடித்தால் மடிப்பில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும், அதன் வழியாகப் போகும் மண் பிஸ்டனைத் தேய்க்கும், பிஸ்டன் தேய்ந்தால் ஆயில் எரியும், ஆயில் எரிந்தால் மறுபடி டிபிஎஃபில் சாம்பல். பல ஸ்கூட்டர்களில் வருவது எண்ணெய் பூசிய பழுப்புக் காகிதம், அதற்குக் காற்றே அடிக்கக் கூடாது. கழுவிக் கழுவிப் போடலாம் என்று விற்கும் பஞ்சுத் துணி ஃபில்டர் குப்பையைக் குறைக்கிறது, உண்மை. ஆனால் காகிதத்தைவிட நுண்மண்ணை அதிகம் விடுகிறது, அதில் தடவும் எண்ணெய் சென்சாரில் படிகிறது. பண்ருட்டி, வடலூர் வழியாகச் சாலை வேலைப் புழுதியில் ஓடும் வண்டிக்கு நான் அதைப் போட மாட்டேன். புதுச்சேரிக்குள் மட்டும் ஓடும் உங்கள் வண்டிக்குக் கையேட்டில் சொன்ன தூரம் வரை காகித ஃபில்டர் தாராளமாக வரும், சர்வீஸுக்குப் போகும்போதெல்லாம் மாற்றச் சொன்னால் எடுத்துக் காட்டச் சொல்லிப் பாருங்கள். நனைந்திருந்தால் மட்டும் யோசிக்காமல் மாற்ற வேண்டும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்து வெள்ளம் வடிந்தபோது, ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தே பார்க்காமல் ஸ்டார்ட் செய்து எஞ்சினைத் தொலைத்த வண்டிகள் எங்களிடமே சில வந்தன.

டீசல் ஃபில்டருக்கு அதிகம் சொல்ல இல்லை: அடியில் இருக்கும் திருகைத் திறந்து மழைக்காலத்தில் தண்ணீரை வடித்துவிடுங்கள். வடிந்ததை ஆயில் பீப்பாயில் சேர்க்கச் சொல்லுங்கள்.

மின்சாரக் காருக்குப் போய்விட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்று நீங்கள் அடுத்துக் கேட்கலாம். உங்கள் ஓட்டத்துக்கு அது உண்மையிலேயே பொருத்தம், அடுத்த வண்டிக்கு அதைத்தான் யோசிக்கச் சொல்வேன். பிரேக் தூளும் டயர் தூளும் அப்போதும் இருக்கும். ஐரோப்பா 2024-ல் நிறைவேற்றிய யூரோ-7 விதியில் பிரேக் தூளுக்கே முதன்முறையாக வரம்பு வந்திருக்கிறது: சாதாரணக் காருக்குக் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம், மின்சாரக் காருக்கு 3. பிரேக் மேல் கவ்விப் பிடிக்கும் ஃபில்டர்களும் தயாராகியிருக்கின்றன. அவை பிடிக்கும் இரும்புத் தூள் எங்கே போகும் என்ற கேள்வி அப்போதும் கேட்கப்பட வேண்டும்.

கடைசியாக, இந்த ஞாயிற்றுக்கிழமை ஈ.சி.ஆர். கிளம்புவதற்கு முன்னால் ஒரு காரியம். வண்டி ஆறியிருக்கும்போது சமதளத்தில் நிறுத்தி, ஆயில் அளவுக் குச்சியை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். பாதியில் நின்ற எரிப்புகளில் எரியாத டீசல் பிஸ்டன் ஓரமாக வழிந்து ஆயிலில் கலந்திருக்கும். மேல் கோட்டையும் தாண்டி ஆயில் நின்றாலோ, முகர்ந்தால் டீசல் வாடை அடித்தாலோ, முதலில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள், அப்புறம் மரக்காணம் போகலாம். மாற்றும்போது கூடவே நின்று, கழற்றிய ஃபில்டரை ஓட்டை போட்டுக் கவிழ்த்து வைக்கச் சொல்லிவிட்டு வாருங்கள்.